கடிதம் வராவிட்டால் நலம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் நலத்தை நான் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்துக்கு உன்னைப் பற்றி வந்திருந்தது. நோயாளி வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் காத்திராமல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தேடிக்கொண்டு தொழிற்சாலைக்கும் தெருவுக்கும் போன முதல் டாக்டர் நீதானாம். படம் பழையது. இரண்டு வருஷத்துக்கு முன் மந்திரி உன் சோதனைக்கூடத்துக்கு வந்த அன்று எடுத்தது. நீ மைக்ராஸ்கோப் பக்கத்தில் நிற்கிறாய். உன் தோளுக்குப் பின்னால் ஸ்லைடுப் பெட்டிகள் சிப்பாய்களைப் போல வரிசையாக நிற்கின்றன. அதை வெட்டி என் மிஷினில் ஒட்டிவைத்திருக்கிறேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "அக்கா அங்க ஊசி போடறாங்க, தங்கச்சி இங்க ஊசி ஓட்டறா. குடும்பத் தொழில்தான்" என்றான். நூல் அறுந்தமாதிரி குனிந்துகொண்டேன்.

நீ எனக்கு எழுதி மூன்று மாதம் ஆகிறது. உலகத்துக்கே வைத்தியம் பார்க்கிறவளிடம் இதையெல்லாம் குறை சொல்லக் கூடாதுதான். சொல்கிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. என் பக்கத்து மிஷினில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பவளை நினைவிருக்கிறதா? நீ இங்கே முகாம் போட்டபோது, ஸ்டோர் ரூம் மேஜையில் படுத்துக்கொண்டே, "டாக்டரம்மா, நானும் தினம் முந்நூறு ஓட்டை போடறேன். ஒருத்தரும் என்னை டாக்டர்னு கூப்பிட மாட்டேங்கறாங்க" என்று உன்னைச் சிரிக்கவைத்தாளே, அவள்தான். ஐந்து மாதமாக அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. வெட்டு மேஜைக்கு அடியில் விழும் கழிவுத் துணியை எடுத்து மடித்து வைத்துக்கொள்கிறாள். வரிசைக்கு ஒரு டோக்கன்தான், அது இருந்தால்தான் கழிவறைக்குப் போக முடியும். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. போன வாரம் சூப்பர்வைசர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "காத்து வரட்டும்" என்று அவள் மிஷினை வாசல் பக்கம் நகர்த்திவிட்டான். எல்லோருக்கும் புரிந்தது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, நானும்தான்.

"டாக்டர்கிட்ட போலாம், வாடி" என்றேன்.

"எதுக்கு? அதான் பாத்தாச்சே. உங்கக்கா என்ன சொன்னாங்க? ஏதாச்சும் இருந்தா கடுதாசி வரும், வரலைன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம்னு சொன்னாங்களா இல்லியா? எனக்கு வரலை. இது வயசுக் கோளாறு, நின்னுடும்."

"வயசா? உனக்கு முப்பத்தெட்டுதான்டி ஆகுது."

"ஓவர்டைமும் சேத்துக்கோ. அம்பது ஆயிடுச்சு."

நீ கொடுத்த நம்பர் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாள். 311. அடுத்துப் படுத்தவள் நான், 312. எனக்கும் கடிதம் வரவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் இவளைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இந்த வாசனையை எனக்குத் தெரியும் அக்கா. நீ சொன்னது சரிதானே? கடிதம் வராவிட்டால் ஒன்றுமில்லை, அப்படித்தானே?

ஆபீஸ் போனில் இதையெல்லாம் பேச முடியாது. பெண்கள் உடம்பைப் பற்றிப் பேசினால் சூப்பர்வைசருக்குக் காது நீளும். எழுது.

உன் தங்கை

மார்ச் 9

அன்புள்ள கொசுவுக்கு,

மூன்று மாதம் எழுதாதது தப்புதான். நீ இப்படிக் காதில் ரீங்காரமிட்டால்தான் எனக்கு உறைக்கிறது.

உன் தோழியை உடனே இங்கே அனுப்பு. அவள் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள், விடாதே. இரண்டு வருஷத்துக்கு முன் ஒன்றுமில்லை என்றால் இன்றும் ஒன்றுமில்லை என்று ஆகாது.

கடிதத்தைப் பற்றிக் கேட்டாய். முதல் வருஷம் எல்லோருக்கும்தான் எழுதினோம். இருந்தது நானும் ஒரு நர்ஸும். நலமாக இருக்கிறவர்களுக்கு "நலம்" என்று எழுதுவதிலேயே பாதி நாள் போயிற்று. அந்த நேரத்தில் இன்னும் முப்பது ஸ்லைடு பார்க்கலாம் என்று நான்தான் நிறுத்தினேன். நோய் தெரிந்தால் மட்டும் பதிவேட்டில் ஏற்றுவது, அவர்களுக்கு மட்டும் கடிதம் போடுவது என்று வைத்துக்கொண்டோம். இந்த முறையால்தான் நாற்பதாயிரம் பெண்களைப் பார்க்க முடிந்தது.

நான் கத்தி பிடித்த முதல் பத்து வருஷத்தில் என்னிடம் வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் முற்றிய பிறகே வந்தார்கள். அதனால்தான் வெளியே இறங்கினேன். "வெட்டறதை விட்டுட்டு வீடு வீடா எண்ணிட்டுத் திரியறாங்க" என்று கூட இருந்த சர்ஜன்கள் சிரித்தார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி அவர்களே உட்கார்ந்திருக்கும் கமிட்டி கூடுகிறது. நாட்டிலுள்ள எல்லாத் தொழிற்சாலைகளிலும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கலாமா என்று அன்று முடிவெடுக்கிறார்கள்.

311ஐ நாளைக்கே எடுத்துப் பார்க்கிறேன். உன்னுடையதையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன், உன் மனசு ஆறட்டும்.

அன்புடன்
அக்கா

மார்ச் 13

கொசு,

இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் வேண்டாம்.

உங்கள் முகாமின் எட்டாம் பெட்டியை யாருமே பார்க்கவில்லை. 281 முதல் 320 வரை நாற்பது ஸ்லைடுகள். சாயம் ஏற்றி, உலர்த்தி, அடுக்கிவைத்த பிறகு ஒரு கண்கூட அவற்றின்மேல் படவில்லை.

எப்படி என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எங்கள் அலமாரியில் ஒரு பழக்கம் உண்டு. பார்க்க வேண்டிய பெட்டியின் சீட்டு வெளிப்பக்கம் இருக்கும். பார்த்து முடித்ததைச் சீட்டு சுவரைப் பார்க்கத் திருப்பிவைப்போம். மந்திரி வந்த அன்று போட்டோக்காரர், "மேடம், பின்னாடி அந்தக் கிறுக்கல் சீட்டெல்லாம் அசிங்கமா தெரியுது" என்றார். நான் என் கையாலேயே எல்லாப் பெட்டிகளையும் சுவர்ப்பக்கம் திருப்பினேன். மறுநாள் பார்க்காதவற்றை மட்டும் நினைவு வைத்துத் திரும்ப வெளிப்பக்கம் திருப்பினேன். ஒன்பது பெட்டிகளைத் திருப்பியிருக்க வேண்டும். எட்டுப் பெட்டிகளைத்தான் திருப்பியிருக்கிறேன், உங்கள் எட்டாம் பெட்டி விட்டுப்போயிற்று.

யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியுமில்லை. நலமாக இருக்கிறவர்களைத்தான் நாங்கள் பதிவதே இல்லையே. நாற்பது பேர் பதிவேட்டில் இல்லை என்றால், நாற்பது பேரும் நலம்.

இரண்டு நாளாக நானே பார்த்தேன். எட்டு ஸ்லைடுகளில் சாயம் மங்கி ஒன்றும் தெரியவில்லை. இருபத்தொன்பது நன்றாக இருந்திருக்கின்றன, அதாவது இரண்டு வருஷத்துக்கு முன்பு. மூன்று சரியில்லை. 297. 311. உன் தோழிக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. படுத்துக்கொண்டு அவள் என்னைச் சிரிக்கவைத்தபோதே இருந்திருக்கிறது.

மூன்றாவது 312.

ஐந்து முறை பார்த்தேன். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். புற்றுநோய் என்று இல்லை, அதற்கு முந்தின நிலை. அன்றைக்கே கண்டிருந்தால் அரை மணி நேர வேலை. இன்றைக்கும் அப்படியே இருக்கலாம், மாறியும் இருக்கலாம். உள்ளே பார்க்காமல் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் கிடைத்ததும் ரயில் ஏறு.

இன்னொன்று. ஏப்ரல் இருபதில் கமிட்டி கூடும் வரை இது வெளியே தெரிய வேண்டாம். மற்றவர்களை "இரண்டாவது சுற்று" என்று சொல்லி உடனே கூப்பிடுகிறேன். 297 யார் என்று உனக்குத் தெரிந்தால் அவளை முதலில் அனுப்பு.

அக்கா

மார்ச் 22

டாக்டரம்மாவுக்கு,

297 யார் என்று கேட்டாய். பேக்கிங்கில் இருந்தாள், பெட்டிக்கு நாடா கட்டுகிறவள். போன மழைக்காலத்தில் செத்துப்போனாள். வயிற்று வலி என்று எழுதிக்கொடுத்தார்கள். உன் முகாமுக்கு முதலில் வரமாட்டேன் என்றாள். "எங்கக்காதான்டி, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது நான்.

காஜாக்காரியை நேற்று அவள் அண்ணனோடு ரயில் ஏற்றினேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கடுதாசி வந்துடுச்சாடி?" என்றாள்.

"வந்துச்சு. லேட்டா வந்துச்சு."

"தபால்காரன் சோம்பேறி" என்றாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

உன் படத்தை மிஷினிலிருந்து கிழிக்கவில்லை. தினம் பார்க்கிறேன். உன் தோளுக்குப் பின்னால் நிற்கும் அந்த வரிசையில் ஒரு பெட்டிக்குள் நாங்கள் நாற்பது பேர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பேப்பரில் நீ சொல்லியிருக்கிறாய், "என் அம்மா வெட்கப்பட்டு நோயை மறைத்தார். அதனால்தான் இந்தத் துறைக்கு வந்தேன்" என்று. எத்தனை மேடையில் சொல்லியிருப்பாய்? அம்மா மறைக்கவில்லை. என்னிடம் சொன்னாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பின்னறையில் அவள் துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசியவள் நான். ஹாஸ்டலில் இருந்த உனக்கு வாராவாரம் கார்டு எழுதியதும் நான். அவள் படுத்துக்கொண்டே சொல்லுவாள், நான் எழுதுவேன். "இங்கு அனைவரும் நலம். நன்றாகப் படி." ஒரு நாள் எழுத மாட்டேன் என்று பென்சிலை வீசினேன். "அவளுக்குப் பரீட்சை முடியட்டும்டி. அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். பரீட்சை முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள்.

அன்றைக்கு உனக்குப் பரீட்சை. இன்றைக்கு உனக்குக் கமிட்டி.

நான் வர மாட்டேன். டாக்டரின் தங்கை என்பதற்காக மட்டும் என்னைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்க் காப்பாற்றாதே. அந்த நாற்பது பேரையும் உன் பேச்சை நம்பி மேஜைமேல் ஏற்றியவள் நான். அவர்களிடம் உண்மையைச் சொல். "இரண்டாவது சுற்று" வேண்டாம், "உங்கள் ஸ்லைடை நான் பார்க்கவில்லை" என்று சொல். அவர்கள் எல்லோரும் வந்த பிறகு நான் வருகிறேன். அதற்கு முன் நீ தனியாக இங்கே வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். வீட்டுக்காரர் லாரியில் போயிருக்கிறார், வர ஒன்றரை மாதம் ஆகும். அவரைப் பிடித்து என்னை இழுத்துவரலாம் என்றும் நினைக்காதே.

312

ஏப்ரல் 2

என் கண்ணான கொசுவுக்கு,

நம்பரைப் போட்டுக் கையெழுத்திட்டிருந்தாய். இப்படி ஒரு அடியை நீ எங்கே கற்றுக்கொண்டாயோ.

அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் நீ சொல்லவில்லை. அந்தக் கார்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் "நலம்" என்பதற்குப் பக்கத்தில் பென்சில் முனை ஒடிந்து தாள் கிழிந்திருக்கிறது.

உன் தோழி மூன்றாவது வார்டில் இருக்கிறாள். கத்தி வைக்க முடியாது, அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. கரண்ட் வைத்தியம், அதாவது கதிர்வீச்சு, கொடுக்கிறோம். அந்த அறைக்குள் தனியாக விட்டால் மட்டும் பயப்படுகிறாள். கதவு கனமான இரும்புக் கதவு. மூடும்போது என்னைப் பார்க்கிறாள். போன வாரம் கேட்டாள்: "அந்தக் கடுதாசி எங்க சுத்திட்டு வந்துச்சும்மா ரெண்டு வருஷமா?" தபாலில் தவறிவிட்டது என்றேன். தலையாட்டினாள். என்னிடமே ஆறுதலாக, "விடுங்க, அவங்களுக்கும் எவ்வளவு தெரு" என்றாள்.

நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இதையும் யோசி. நான் வாயைத் திறந்தால் கமிட்டியில் காத்திருப்பவர்கள், "பாத்தீங்களா, இந்தச் சோதனையே நம்ப முடியாதது" என்று கோப்பை மூடிவிடுவார்கள். முதலாளிகளுக்கு அது போதும், அரை நாள் உற்பத்தி மிச்சம் என்று கதவைச் சாத்துவார்கள். இன்னும் எத்தனை ஆயிரம் பெண்கள் 311 ஆவார்கள்? பதினெட்டு நாள்தான் கேட்கிறேன். உங்கள் தொழிற்சாலைக்கு நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. எல்லோரும் வரத்தான் போகிறார்கள்.

நீ மட்டும் முன்னால் வா. உன் உடம்பு என் வாக்குமூலத்துக்காகக் காத்திருக்காது. நான் கெஞ்சுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

உன் நோட்டீஸ் டோக்கன் மாட்டும் ஆணியில் தொங்குகிறது. மூன்று பேர் பேர் கொடுத்தார்கள். மூவரும் எட்டாம் பெட்டியில் இல்லாதவர்கள். நம்முடையவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேள்:

"போன தடவையே ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. மறுபடி எதுக்கு அவுத்துப் போட்டுப் படுக்கணும்?"

"டாக்டர் தங்கச்சியே பேர் குடுக்கலை. நமக்கு என்ன வந்துச்சு?"

நீதான் அவர்களுக்கு நலம் என்று சர்டிபிகேட் கொடுத்திருக்கிறாயே. காகிதத்தில் கொடுத்திருந்தாலாவது கிழித்துப் போடலாம். காகிதமே இல்லாமல் கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவாய்?

ஆயிரக்கணக்கான பெண்கள் என்கிறாய். உன் ஆயிரத்தை எனக்குத் தெரியாது. 284 புதுக் கல்யாணம். 305 இரட்டைக் குழந்தைக்காரி. 319 கழுத்துப் பட்டை தைப்பவள், பாட்டுப் பாடிக்கொண்டே தைப்பாள். எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்து டோக்கன் கேட்டுப் போகும்போது எத்தனை தடவை போகிறாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டால் என் கண் அங்கே போய் ஊசி விரலில் ஏறிவிடுகிறது. உனக்குத் தெரியுமா, நான் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். நானே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நீ சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அதனால் நானும் யோக்கியம் இல்லை.

வேறு செய்தி ஒன்றுமில்லை. வெயில் அதிகம். திங்கட்கிழமையிலிருந்து என் மிஷினையும் வாசல் பக்கம் நகர்த்திவிட்டார்கள். காற்று நன்றாக வருகிறது.

தங்கை

ஏப்ரல் 21

கொசு,

உன் கடைசி வரி பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேறு எதுவும் படிக்கத் தெரியவில்லை.

நேற்றுக் கமிட்டியில் நான் தயாரித்து வைத்திருந்த அறுபது பக்க அறிக்கையை எடுக்கவே இல்லை. எட்டாம் பெட்டியை மேஜைமேல் வைத்தேன். போட்டோவையும் வைத்தேன். எல்லாம் சொன்னேன். தலைவர் குரலைத் தாழ்த்தி, "அம்மா, இதை இங்க சொல்லித்தான் ஆகணுமா? மினிட்ஸ்ல ஏறிடும்" என்றார். ஏற்றுங்கள் என்றேன். ஒருவர் சிரித்தார். கோப்பை ஒத்திவைத்துவிட்டார்கள், எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகுவதாக நானே எழுதிக்கொடுத்துவிட்டேன். டாக்டர் வேலையில் இருக்கிறேன், அதை மட்டும் விட மாட்டேன்.

இன்று காலை மூன்றாவது வார்டுக்குப் போய் உன் தோழியிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு, "தபால்காரனைத் திட்டிட்டேனே பாவம்" என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மற்ற முப்பத்தேழு பேருக்கும் என் கையாலேயே கடிதம் எழுதினேன். "உங்கள் ஸ்லைடை நாங்கள் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. வாருங்கள்." 297இன் வீட்டுக்கும் எழுதினேன். அதை எழுதத்தான் நேரமாயிற்று. மே மாதம் இரண்டாம் தேதி ஆஸ்பத்திரி பஸ் உங்கள் தொழிற்சாலை வாசலுக்கு வந்து எல்லோரையும் இங்கே கூட்டிவரும். இனி இங்கே சோதித்துக்கொள்ளும் ஒவ்வொருத்திக்கும் கடிதம் போகும், நலம் என்றாலும் போகும்.

நீ கேட்டது எல்லாம் ஆயிற்று. பஸ்ஸுக்குக் காத்திருக்காதே, நாளைக்கே ஏறு. உடனே பதில் எழுது.

அக்கா

மே 3

கொசு,

என் கடிதத்துக்குப் பன்னிரண்டு நாளாக உன் பதில் இல்லை.

நேற்றுப் பஸ் வந்தது. முப்பத்தெட்டு நாற்காலி போட்டிருந்தேன். முப்பத்தேழு நிரம்பின. 319 உட்கார்ந்ததும் என் முகத்துக்கு நேராகவே, "இனிமே உங்களை நம்பணும்னா கஷ்டம்தான்" என்றாள். சரி என்றேன். 284 அழுதுகொண்டே இருந்தாள். நான் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே பஸ் படியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கேட்டேன்.

"அவதான் எங்களை ஏத்திவிட்டா" என்றாள் இரட்டைக் குழந்தைக்காரி. "ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போயி இழுத்துட்டு வந்தா. 'நீங்க போங்க, ஷிப்ட் முடிச்சிட்டு அடுத்த வண்டியில வரேன்'னா."

"ஷிப்டா?" என்றாள் 319. "அவ வேலைக்கு வந்து எட்டு நாளாச்சே."

பஸ்ஸில் வந்த யாருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. எல்லோரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நீ போட்ட நிபந்தனையில் கோபம் பாதிதான். மீதிப் பாதிக்குள் நீ ஒளிந்துகொண்டிருந்தாய். பதின்மூன்று வயதில் அந்தப் பின்னறையில் நீ பார்த்ததை நான் பார்த்ததில்லை. நான் புத்தகத்தில் படித்ததை நீ கையால் அலசினாய். அக்கா சொல்லட்டும், எல்லோரும் வரட்டும் என்று ஒவ்வொரு காரணமாக வைத்துக்கொண்டு நாளைத் தள்ளினாய். இப்போது காரணம் எல்லாம் தீர்ந்துவிட்டது. பயம் மட்டும்தான் உன்னோடு அந்த வீட்டில் இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. நாற்பதாயிரம் பெண்களை மேஜையில் ஏற்றிய நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அதே அம்மாவுக்குப் பிறந்தவள்தான் நானும். நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நேற்று எல்லோரும் போன பிறகு நர்ஸைக் கூப்பிட்டுப் படுத்தேன். காலை இறுக்கிக்கொண்டேன். "மேடம், லூசா விடுங்க" என்றாள், நான் கற்றுக்கொடுத்த அதே குரலில். புதுப் பதிவேட்டில் முதல் நம்பர் என்னுடையது. முடிவு இன்னும் வரவில்லை.

உன் தெருமுனைக் கடைக்குக் காலையில் போன் செய்தேன். கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, ஆனால் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றார் கடைக்காரர். அதை ஐந்து முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

எழுதாவிட்டால் நலம் என்று சட்டம் போட்டவள் நான். உலகத்திலேயே அதை நம்ப முடியாதவளும் இப்போது நான் ஒருத்திதான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. சோதனைப் பையோடு நானே எடுத்துக்கொண்டு மாலை ரயிலில் கிளம்புகிறேன். நீ திறக்க மாட்டேன் என்று எழுதியிருந்தாய். தெரிந்தேதான், தனியாகத்தான் வருகிறேன். தட்டுவேன். திறக்காவிட்டால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளுவேன். திட்ட வேண்டுமென்றால் உள்ளேயிருந்தே திட்டு, குரல் கேட்டால் போதும்.

கதவடியில் இந்தத் தாளை நீ பார்த்தால், அந்தப் பக்கம் தரையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அக்கா